அறுபது நிமிடத்துக்கு மேல்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுடைய பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருந்தது. மைதானத்தில் அவளுக்கு ஒரே பெயர்தான்: அறுபது. முதுகில் நம்பர் பதினொன்று, வயது முப்பத்தொன்று, இதில் அறுபது எங்கிருந்து வந்தது என்று புதிதாகக் கால்பந்து பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள். "கொஞ்சம் பொறுங்க, நீங்களே பார்ப்பீங்க" என்பார் பக்கத்து இருக்கைக்காரர். அறுபதாவது நிமிடம் வந்ததும், பெஞ்சுக்குப் பக்கத்தில் நிற்கிற நான்காவது நடுவர் போர்டைத் தூக்குவார். அதில் சிவப்பு எழுத்தில் பதினொன்று எரியும். அவள் வெளியே போவாள், வேறொருத்தி உள்ளே வருவாள். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை. நாட்டுக்காக அதுவரை அவள் ஆடிய முப்பத்தெட்டு ஆட்டத்திலும் இதே கதைதான்.

மலிவு டிக்கெட் கேலரிக்காரர்களுக்கு இது ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. ஐம்பத்தொன்பதாவது நிமிடம் ஆனதும் எல்லோரும் எழுந்து நின்று, ரயிலேற்றிவிட வந்த சொந்தக்காரர்கள் மாதிரி கையை ஆட்டி டாட்டா காட்டுவார்கள். அன்பாகத்தான் காட்டினார்கள், அதில் சந்தேகமில்லை. அன்பாகச் செய்தாலும் அவமானம் அவமானம்தானே. அவளும் ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையாட்டினாள். பிறகு சிரிக்காமல் ஆட்டினாள். கடைசி மூன்று வருடமாகத் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

இடது ஓரம் அவளுடைய இடம். விங்கர் என்றால் வெள்ளைக் கோட்டை ஒட்டி நிற்க வேண்டும். பந்து வரும் வரை காத்திருக்க வேண்டும். சில நாள் கால் மணி நேரம் பந்தே வராது, நடுவில் இருப்பவர்கள் தங்களுக்குள் கொஞ்சிக்கொண்டிருப்பார்கள். வந்தால், எதிரே தடுத்து நிற்கும் ஃபுல் பேக்குக்குத் தண்ணி காட்டிவிட்டுக் கோடி வரை ஓடி, கோல் முன்னால் பாய்ந்து வருகிறவளின் தலைக்கு அளவெடுத்து பந்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். கோல் போட்டவளைக் கட்டிப்பிடிக்கப் பத்துப் பேர் ஓடுவார்கள். கொடுத்தவள் அந்த நேரத்தில் கார்னர் கொடிக்குப் பக்கத்தில் தனியாக நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருப்பாள்.

அவளிடம் இருந்தது ஒரே ஒரு வித்தை. வலது தோளை உள்பக்கம் சாய்ப்பாள், உள்ளே போகப்போகிறாள் என்று எதிராளி ஒரு அடி நகர்ந்ததும் வெளிப்பக்கமாகக் கோட்டோரம் பறந்துவிடுவாள். இது நாட்டில் உள்ள எல்லா டிஃபெண்டருக்கும் தெரியும். வீடியோ போட்டுப் பாடம் படித்துவிட்டு வந்தவர்களும் உண்டு. வந்தும் ஏமாந்தார்கள். "தெரிஞ்சுதான் நின்னேன், ஆனா கால் நகர்ந்துடுச்சு" என்று ஒருத்தி அவளிடமே வந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

இப்படிப்பட்டவளை எதற்கு அறுபதாவது நிமிடத்தில் வெளியே எடுக்க வேண்டும்? இதை முதலில் வாய்விட்டுக் கேட்டது அவளுடைய அக்கா. அக்கா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். பன்னிரண்டு மீட்டர் வண்டியைச் சந்து மாதிரியான தெருவில் ஒடித்துத் திருப்பி ஓட்டுகிறவளுக்கு யாரிடமும் பயம் இல்லை. மூன்றாவது மாடியில் இரண்டே அறை உள்ள அவர்கள் வீட்டில், ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த பூட்ஸைத் தள்ளிவிட்டுக் குடையை மாட்டியபடி அக்கா ஒரு நாள் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, வண்டியைப் பாதி வழியில நிறுத்தி, நீ இறங்கு, மிச்சத்தை வேற டிரைவர் ஓட்டட்டும்னு டிப்போல சொன்னா, நான் சும்மா இருப்பேனா?"

"இது பஸ் இல்லக்கா. கோச் முடிவு."

"என்ன பொல்லாத முடிவு? கஷ்டமான நேரமெல்லாம் நீ ஓடணும், கடைசியில கட்டிப்பிடிச்சு போட்டோ எடுக்கறப்ப வேற ஒருத்தி நிக்கணுமா? உன்னைக் கறிவேப்பிலை ஆக்கிட்டாங்கடி. வாசனைக்குப் போட்டுக்கிட்டு ஓரமா எடுத்து வெச்சிடறாங்க."

"எனக்கு அதுக்கு மேல தாங்காதுக்கா. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"எல்லாரும் சொல்றது இருக்கட்டும். உன் கால் என்ன சொல்லுது?"

அவள் பூட்ஸை எடுத்து மறுபடி கம்பியில் மாட்டினாள். கால் தாங்காது என்பதை அவளும் நம்பிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்தாவது நிமிடம் ஆனதும், கடிகாரம் பார்த்து வைத்த மாதிரி, கெண்டைக்கால் கனக்க ஆரம்பிக்கும். ஐந்து வருடம், ஆறு வருடம் ஒருவரிடம் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தால் உடம்பும் கேட்டுக்கொண்டுவிடும் போலிருக்கிறது.

குட்டு உடைந்தது அவள் நாட்டு அணிக்கு வந்த பன்னிரண்டாவது வருடம், பிசியோவின் அறையில். தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்துக்காக நாட்டு அணி முகாம் போட்டிருந்தது. ரெக்சின் கிழிந்த மூன்று கட்டில்கள், எந்நேரமும் கடகடத்துக்கொண்டிருக்கும் ஐஸ் இயந்திரம், தைல வாசனை. பிசியோ வேலைக்குப் புதியவர். வந்த இடத்தில் சும்மா இருக்காமல் பழைய காகிதக் கோப்புகளையெல்லாம் அலமாரியிலிருந்து இறக்கித் தூசு தட்டிப் படித்துக்கொண்டிருந்தார். அவளுடைய கணுக்காலுக்கு டேப் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"உங்களுக்கு அந்தக் காய்ச்சல் இப்பவும் வருமா?"

"எந்தக் காய்ச்சல்?"

"இதுல போட்டிருக்கே" என்று அவர் ஒரு பழுப்புத் தாளை எடுத்து நீட்டினார். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. யாரோ அவசரமாகப் பேனாவில் எழுதியிருந்தார்கள்: 'காய்ச்சல் விட்டு நான்கு நாள். இந்த முகாமில் மட்டும் 60 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு, "கம்ப்யூட்டர்ல என்ன இருக்கு?" என்று கேட்டாள். பிசியோ திரையைத் திருப்பிக் காட்டினார். அங்கே ஒரே வரிதான்: '60 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.'

நடந்தது இவ்வளவுதான். காகிதத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றிய புண்ணியவான் யாரோ, முதல் பாதியைத் தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டு வாலை மட்டும் அடித்துவிட்டுப் போய்விட்டான். அதற்கப்புறம் ஐந்து பயிற்சியாளர்கள் மாறினார்கள். ஒவ்வொருவரும் பதவியேற்ற முதல் நாள் அந்த வரியைப் படித்தார்கள், தலையாட்டினார்கள், அப்படியே நடந்துகொண்டார்கள். அவள் ஆடிய மூன்று கிளப்புகளுக்கும் அதே கோப்பு போனது. நாட்டு அணியே அவளுக்கு அறுபதுதான் கொடுக்கிறது, நாம் எதற்கு வம்பை விலைக்கு வாங்க வேண்டும் என்று அவர்களும் எழுபதைத் தாண்டவிடவில்லை. ஏன் என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்டிருக்கலாம்.

அவளுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. பத்தொன்பது வயது. பார்சல் கிடங்கில் பெட்டி பிரிக்கிற வேலை. முகாமுக்குப் போக விடுமுறை கிடைக்காததால் இரண்டு ஷிஃப்டைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, காய்ச்சல் விட்ட உடம்போடு ஏழு மணி நேரம் ரயிலில் நின்றுகொண்டு வந்து, இறங்கிய கையோடு ஓட்டப் பரிசோதனை. முகம் வெளுத்துப்போனதே தவிர அவள் விழவில்லை. விழுந்து தொலைத்திருந்தாலாவது நாலு பேருக்குக் காய்ச்சல் ஞாபகத்தில் இருந்திருக்கும்.

முதலில் சிரிப்பு வந்தது. கட்டிலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், பிசியோ பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தண்ணீரைக் குடித்து முடித்தபோது சிரிப்பு போய்விட்டிருந்தது. அதற்குப் பதிலாக வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. யாராவது அவளை வேண்டுமென்றே ஒதுக்கியிருந்தால்கூட இவ்வளவு வயிறு எரிந்திருக்காது. ஒருத்தரும் அவளைப் பற்றி நினைக்கவே இல்லை என்பதுதான் தாங்கவில்லை.

நேராகக் கோச்சின் அறைக்குப் போனாள். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருக்கலாம். குரலை உயர்த்தாதவர், எல்லோரையும் நீங்க போட்டுப் பேசுகிறவர், கையில் இருக்கும் டேப்லெட்டில் இல்லாத எதையும் நம்பாதவர். அவள் பழுப்புத் தாளை மேஜைமேல் வைத்தாள்.

"சார், அந்த வரி தப்பு. காய்ச்சலுக்காக எழுதினது. பன்னெண்டு வருஷமா காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அவர் பொறுமையாகப் படித்தார். "வருத்தமான விஷயம்தான். ஆனா உங்க ஓட்டத்தோட பதிவைப் பாருங்க. அறுபத்தொன்பது நிமிஷத்துக்கு மேல நீங்க ஓடினதா எங்கேயும் இல்ல."

"ஓட விட்டாத்தானே சார் பதிவு வரும்?"

"பதிவு இல்லாம எப்படி ஓட விடறது?"

அவளுக்கு ஒரு ஆட்டம் ஞாபகம் வந்தது. "கிளப்புல ஒரு தடவை முழு ஆட்டம் ஆடினேன் சார். மூணு பேருக்கு அடிபட்டு மாத்த ஆளே இல்ல. நாலு வருஷம் முன்னாடி."

அவர் தேடினார். அந்தத் தேதியில் வெறும் கட்டம்தான் இருந்தது. ஜெர்சிக்குள் போடுகிற உடுப்பில் ஓட்டத்தை அளக்க ஒரு சின்னக் கருவி இருக்குமே, அதில் அன்றைக்கு சார்ஜ் இல்லை. அவள் வாழ்நாளில் முழுதாக ஓடிய ஒரே ஆட்டம் யாருடைய கணக்கிலும் ஏறாமலே போயிருந்தது.

"வர்ற ஆட்டம் டிரா ஆனாலே போதும், நாம உலகத் தொடருக்குப் போயிடுவோம்" என்றார் கோச். "இந்த நேரத்துல பரிசோதனை வேண்டாம். தொடர் முடிஞ்சதும் பார்த்துக்கலாம்."

"தொடர் முடிஞ்சதும் இளசுகளை வெச்சுப் புது அணின்னு நீங்கதானே சார் பேட்டி கொடுத்தீங்க?"

கோச் டேப்லெட்டை மூடினார். "அறுபது நிமிஷம் உங்களை மாதிரி ஆட நாட்டுல ஆள் இல்ல. அதை நான் எப்பவும் சொல்லுவேன்" என்றார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார் என்பது இன்னும் மோசம்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, முகாமில் வழக்கமாக நடக்கும் விதிமுறை வகுப்பு. ஓய்வுபெற்ற நடுவர் ஒருவர் வந்து, அந்த வருடம் என்னென்ன விதி மாறியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வைப்பதால் பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். ஆளை மாற்றுவது பற்றி அவர் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே போகிறவர் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு பெஞ்சுக்கு வர வேண்டாம், நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் எந்தக் கோடு இருக்கிறதோ அதைத் தாண்டிவிட்டால் போதும் என்றார். அவள் கையைத் தூக்கினாள்.

"தாண்ட மாட்டேன்னா?"

"புரியலை?"

"போர்டுல நம்பர் போட்டாச்சு. அந்த ஆள் போக மாட்டேங்கறாங்க. அப்ப என்ன சார் ஆகும்?"

பெரியவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை போலும், முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. "ஒண்ணும் ஆகாது. வெளியே போக மறுத்தா ஆட்டம் தொடரும். விதியிலேயே இருக்கு."

"அவ்வளவுதானா? கார்டு?"

"போக மறுத்தாங்கன்னு கார்டு இல்ல. நேரத்தைக் கடத்தினா உண்டு. சட்டுன்னு சொல்லிட்டா ரெஃப்ரி விசில் அடிச்சுட்டுப் போயிட்டே இருப்பாங்க. அப்புறம் உங்க கோச் உங்களை என்ன செய்வார்ங்கறது எங்க புத்தகத்துல இல்ல."

தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

ஆட்டத்தன்று மாலை நான்கு மணி வெயில். மைதானம் நிரம்பி வழிந்தது. இருபத்திரண்டாவது நிமிடத்தில் அவள் தோளைச் சாய்த்தாள், ஃபுல் பேக் ஒரு அடி நகர்ந்தாள், மீதியைக் கேப்டனின் தலை பார்த்துக்கொண்டது. ஒன்று பூஜ்யம். இடைவேளைக்குச் சற்று முன் எதிரணி ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது. ஒன்றுக்கு ஒன்று. இப்படியே முடிந்தாலே உலகத் தொடர் என்று கோச் இடைவேளையில் நிதானமாகப் பேசினார். அவள் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

இரண்டாம் பாதியில் இடது ஓரம் பெஞ்சுக்கு எதிர்ப்பக்கமாக வந்தது, மலிவு டிக்கெட் கேலரியின் காலடியில். ஐம்பத்தெட்டாவது நிமிடம் தூரத்தில் பதினேழாம் நம்பர் ஜாக்கெட்டைக் கழற்றுவது தெரிந்தது. பதினேழு இருபது வயதுப் பெண், இடது ஓரத்தில் ஆடுகிறவள், நல்ல ஓட்டக்காரி. பந்து வெளியே போனதும் போர்டு மேலே போனது. பச்சையில் பதினேழு, சிவப்பில் பதினொன்று. கேலரி முழுக்க எழுந்து நின்று கையாட்டத் தொடங்கியது.

கோடு அவளுடைய இடது பூட்ஸிலிருந்து ஒரு அடி தூரத்தில் இருந்தது. கால் தானாகவே அந்தப் பக்கம் போயிற்று. பன்னிரண்டு வருடப் பழக்கம், யாரைக் கேட்டுக்கொண்டு போகும்? பாதம் வெள்ளைச் சாயத்தின் மேல் பட்டபோதுதான் அவளுக்கே தெரிந்தது. அவள் காலை இழுத்துக்கொண்டாள். இழுத்துக்கொண்டு நாலு அடி உள்ளே போய் நின்றாள்.

ரெஃப்ரி ஓடி வந்தார். "பதினொண்ணு, உங்களைத்தான். போர்டைப் பாருங்க."

"பார்த்தேன் மேடம். நான் போகல."

"என்னது?"

"போக மாட்டேன். விதியில இடம் இருக்கு."

ரெஃப்ரி அவள் முகத்தை ஒரு நொடி பார்த்தார். அதற்குள் கேப்டன் பதறியடித்துக்கொண்டு வந்தாள். "ஏய், உனக்கென்ன பைத்தியமா? அங்க கோச் கத்தறார்."

"அவரா? அவருக்குக் கத்தவும் தெரியுமா?"

"விளையாடாதே. போ."

"விளையாடத்தான் போறேன்."

ரெஃப்ரி விசிலை ஊதி, த்ரோ எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். ஆட்டம் தொடர்ந்தது. கேலரியில் ஆட்டிக்கொண்டிருந்த கைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன. என்ன நடக்கிறது என்று முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்த சத்தத்தில், அடுத்த தெருவில் இருந்தவர்கள் கோல் விழுந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

கோச் பிடிவாதமாக நான்கு நிமிடம் பதினேழைக் கோட்டிலேயே நிறுத்தி வைத்தார். பந்து வெளியே போகும்போதெல்லாம் போர்டு எழுந்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லிவிட்டார். வேறு யாருக்காவது பதிலாக அவளை இறக்கியிருக்கலாம். பதினொன்று போனால்தான் பதினேழு என்று அவரும் வீம்பு பிடித்தார். வீம்பு ஒருத்தருக்கு மட்டும் சொந்தமா என்ன?

அறுபத்தைந்து. எழுபது. அவளுக்கு ஊர் பேர் தெரியாத இடத்துக்கு வந்த மாதிரி இருந்தது. இந்த நேரத்தில் நிழல் மைதானத்தில் எங்கே விழும் என்றுகூட அவளுக்குத் தெரியாது, எப்போதும் ஜாக்கெட்டுக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தவள் அவள். எழுபத்தொன்றில் மறுபடி தோளைச் சாய்த்தாள், ஃபுல் பேக் மறுபடி ஏமாந்தாள். அந்த ஃபுல் பேக்குக்குக் கால் தள்ளாடியது, அவளுக்கு இல்லை. சந்தோஷத்தில் அவள் வாய்விட்டுக் கத்தினாள். அது என்ன சத்தம் என்று லைன்ஸ்மேன் திரும்பிப் பார்த்தார்.

எண்பத்து மூன்றில் வலது கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்துக்கொண்டது. கீழே உட்கார்ந்தால் பிசியோ வருவார், பிசியோ வந்தால் கோட்டுக்கு வெளியே போக வேண்டும், போனால் கோச் விடமாட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, கேலரிக்குள் போன பந்தைக் கேட்கிற மாதிரி விளம்பரப் பலகையில் முன்பாதத்தை அழுத்திச் சாய்ந்து நின்றாள். முன்வரிசையில் இருந்த ஒரு ஆள் எதையோ புரிந்துகொண்டு, வேண்டுமென்றே பந்தைக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

எண்பத்தெட்டில் அவள் அடித்த கிராஸ் கோலுக்கு மேலே பறந்து கேலரிக்குள் போய் விழுந்தது. ச்சே என்று ஆயிரம் வாய்கள். அவளும் சொன்னாள். தொண்ணூற்று இரண்டில் எதிரணி அவள் பக்கமாகவே பாய்ந்து வந்தது, அவளுக்குப் பின்னால் இருக்க வேண்டிய டிஃபெண்டர் முன்னால் போயிருந்தாள். அவள் திரும்பி எழுபது கஜம் ஓடினாள். அழகான ஓட்டம் இல்லை, ஒரு கால் இழுத்துக்கொண்டுதான் ஓடினாள். கடைசியில் விழுந்து புரண்டு, கால்விரல் நுனியால் பந்தை வெளியே தள்ளினாள். த்ரோ எடுத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. தொண்ணூற்று நாலாவது நிமிடம் கடைசி விசில்.

அவளால்தான் உலகத் தொடர் கிடைத்தது என்று யாரும் சொல்ல முடியாது. அவளால் கெட்டது என்றும் சொல்ல முடியாது. எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து குதித்தார்கள். கடைசி விசில் அடிக்கிறபோது காலடியில் புல் எப்படி இருக்கிறது என்று அவள் குனிந்து பார்த்துவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டாள். அழுதாள். யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதாள்.

உடைமாற்றும் அறையில் எல்லோரும் பாட்டும் கூத்துமாக இருந்தபோது, பதினேழு மட்டும் மூலையில் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஜெர்சியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. அறுபது போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டுல எல்லாரும் வந்திருந்தாங்கக்கா" என்றாள் பதினேழு. "நாலு நிமிஷம் என்னைக் கோட்டுல நிக்க வெச்சுட்டாங்க."

"உனக்கு நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிடு."

"தப்புன்னு தெரிஞ்சா போயிருக்கலாமே?"

"போயிருக்க முடியாது."

பதினேழு குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள். "உங்க இடத்துல நான் இருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு எனக்குத் தெரியல. ஆனா இன்னைக்கு உங்க மேல கோபமாத்தான் வருது."

"வரட்டும். வரணும்" என்றாள் அவள்.

ஆட்டம் முடிந்த ஒன்பதாம் நாள் கால்பந்துச் சங்க அலுவலகத்தில் விசாரணை. அக்கா ஷிஃப்டை மாற்றிக்கொண்டு கூடவே வந்தாள். நான்காவது மாடி வராந்தாவில் இருவரும் உட்கார்ந்திருந்தபோது சங்கச் செயலாளர் கதவைத் திறந்துகொண்டு வந்து குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"இத பாருங்கம்மா, நீங்க எதிர்ப்பக்கம் இருந்தீங்க. சாயங்கால வெயில் வேற. போர்டு சரியாத் தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ரெஃப்ரி எழுதினதை நாங்க பெரிசு பண்ண மாட்டோம். எச்சரிக்கையோட முடிச்சுடலாம். கோச்சும் சரின்னுட்டார். நாளைக்கு உலகத் தொடருக்கு லிஸ்ட் போடறோம், உங்க பேர் அதுல இருக்கு."

அவர் உள்ளே போனதும் அக்கா அவள் முழங்கையைப் பிடித்தாள். "சொல்லிடேன்டி."

"நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன். உலகத் தொடர்டி. பத்தொம்பது வயசுலேர்ந்து இதுக்குத்தானே ஓடின? தெரியல சார்னு ரெண்டு வார்த்தை. வாய் தேஞ்சா போயிடும்?"

அவள் எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த அணிப் படங்களைப் பார்த்தாள். ஆசை இல்லாமல் இல்லை. நாக்கு நுனி வரை வந்து நின்றது அந்த இரண்டு வார்த்தை. "தெரியலன்னு சொன்னா, அந்த முப்பத்து நாலு நிமிஷமும் நான் தெரியாம ஓடினதா ஆயிடும்க்கா" என்றாள். "அது ஒண்ணுதான் நானா தெரிஞ்சு ஓடினது."

அக்கா முழங்கையை விட்டாள்.

உள்ளே நீள மேஜை. ஒரு பக்கம் தலைவர், செயலாளர், வக்கீல். ஓரத்தில் கோச், மடியில் டேப்லெட். கண்ணாடி அலமாரியில் கோப்பைகள். தலைவர் கனைத்துக்கொண்டார்.

"சம்பவத்தன்னைக்கு உங்க நம்பர் போர்டுல வந்ததை நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார்."

செயலாளர் நிமிர்ந்தார். "வெயில் கண்ணுல அடிச்சுதோ என்னவோ..."

"வெயில் என் முதுகுப் பக்கம் இருந்துச்சு சார். போர்டு நல்லாத் தெரிஞ்சுது. சிவப்புல பதினொண்ணு. ரெஃப்ரியும் வந்து சொன்னாங்க. போக மாட்டேன்னு நான்தான் சொன்னேன்."

வக்கீல் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலைவரைப் பார்த்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இப்படிச் சொன்னா ஒரு வருஷம் தடை. தொடர் போயிடும். உங்க வயசுல ஒரு வருஷம்னா, அதுக்கப்புறம் நாட்டு அணியே இல்லைன்னு அர்த்தம். தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"தெரியும் சார். ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கறேன். அன்னைக்கு நான் ஓடின தொண்ணூத்து நாலு நிமிஷமும் பதிவாகியிருக்கு. என் கோப்புல இருக்கற அந்த ஒரு வரியை எடுத்துடுங்க. நான் திரும்பி வந்தாலும் சரி, வராட்டாலும் சரி."

எல்லோரும் கோச்சைப் பார்த்தார்கள். அவர் டேப்லெட்டைப் பார்த்தார்.

தலைவருக்கு அவள்மேல் இரக்கம் வந்துவிட்டது, அது முகத்திலேயே தெரிந்தது. கடைசியாக ஒரு வழியைத் திறந்து வைக்க நினைத்து, "சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு. கொஞ்சமாவது வருத்தம் இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"இருக்கு சார்."

வக்கீல் சட்டென்று பேனாவை எடுத்தார். செயலாளர் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

"அதுக்கு முன்னாடி முப்பத்தெட்டு தடவை, போர்டைப் பார்த்ததும் மறுபேச்சு பேசாம வெளியே போனேன் பாருங்க," என்றாள் அவள், "அதுக்குத்தான்."